கோடையிலும் சறுக்கலாம்

பனிக்காலம் முழுவதும் உறைந்த ஏரிகளின்மேல் சறுக்கிப் பழகிய அமெரிக்காவின் மினசோட்டா வாசிகளுக்கு, வசந்தம் பிறந்து பனிக்கட்டி கரைந்தவுடன் அந்த ஆனந்தமும் கரைந்துபோகிறதே என்ற விசாரம் இருந்துவந்தது. 1980-இல் ஸ்காட் ஓல்சன் என்ற ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர், ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய பூட்ஸைச் சீர்திருத்தித் தம் சகோதரருடன் விற்கத் தொடங்கிய பின், மினியாபொலிஸ் நகரத்து ஏரிக்கரைப் பாதைகளில் கோடையிலும் அதே சுகம் சாத்தியமாயிற்று.

புதிதாகப் பயில்வோர் வேகத்தையே பிரதானமாக எண்ணுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், முதலில் அப்பியசிக்க வேண்டியது நிற்பதைத்தான். முழங்காலை மடக்கி, பிரேக் பொருத்திய காலைச் சற்று முன்னே நீட்டி, நுனிப்பாதத்தை உயர்த்தினால், குதிகாலுக்குப் பின்னுள்ள ரப்பர்க் கட்டை தரையில் உராய்ந்து வேகத்தைத் தணிக்கும். விழும்போது கையை ஊன்றுவது மனித சுபாவமாதலால், தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பும் அவசியம். அழகு கெடுகிறதே என்போர் மாவுக்கட்டின் அழகையும் சிறிது யோசிக்கட்டும். மழை நனைத்த சாலையில் இறங்கவே வேண்டாம்.