அது என்ன சாப்பிடும்?

குளத்தூரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், எதைக் கேட்டாலும் பதில் சொல்லுதே, அது என்ன சாப்பிடும்?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மாலையில் யோசித்தபோதுதான் அது நல்ல கேள்வி என்று புரிந்தது. செயற்கை நுண்ணறிவுக்கு இரண்டு உணவுகள் உண்டு. ஒன்று தரவு, மற்றொன்று மின்சாரம். அடுத்த சில வாரங்கள் இந்த இரண்டையும் வைத்தே பாடம் நடத்தினேன்.

முதல் உணவு

“காலையில் எழுந்ததும் பல்...” என்று கரும்பலகையில் எழுதி, அடுத்த சொல்லைத் தாளில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் ‘துலக்கினேன்’ என்று எழுதினர். சிலர் ‘தேய்த்தேன்’ என்றும், பாட்டியிடம் வளரும் இருவர் ‘விளக்கினேன்’ என்றும் எழுதியிருந்தனர். “ஏன் யாரும் ‘சமைத்தேன்’ என்று எழுதவில்லை?” என்று கேட்டேன். “அப்படி யாரும் சொல்லிக் கேட்டதே இல்லையே டீச்சர்” என்றான் ஒருவன்.

உரையாடும் செயலிகளின் அடிப்படையும் இதுதான். அவை ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்சி பெறுகின்றன. ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு, விடையைச் சொல் சொல்லாகக் கட்டுகின்றன. பயிற்சியில் நிறையப் பார்த்ததை நன்றாகச் சொல்லும். குறைவாகப் பார்த்ததில் தடுமாறும்.

இதற்குச் சான்று விரைவிலேயே கிடைத்தது. ஒரு மாணவன் தன் அப்பாவின் கைப்பேசியில் ‘குளத்தூர் பற்றிச் சொல்’ என்று ஒரு செயலியிடம் கேட்டு, விடையை எழுதி வந்தான். அதில் இருந்தது தூத்துக்குடி மாவட்டத்துக் குளத்தூர்! நார்த்தாமலையும் இல்லை, கீரனூரும் இல்லை. “நம்ம ஊரைப் பத்தி யாரும் எழுதலையா டீச்சர்?” என்று கேட்டான். ஊரின் குளம், சந்தை, கோயில், பயிர் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். அவர்கள் அவ்வளவு ஆர்வமாக எழுதிய கட்டுரைப் பயிற்சி வேறில்லை.

இரண்டாம் உணவு

நாம் கைப்பேசியில் கேட்கும் கேள்விக்கு விடை பெரும்பாலும் கைப்பேசிக்குள் உருவாவதில்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் இருப்பவை போன்ற தரவு மையங்களில் உள்ள கணினிகளே கணக்கிடுகின்றன. அவை இயங்கவும் மின்சாரம் வேண்டும். சூடு தணியவும் மின்சாரம் வேண்டும்.

பன்னாட்டு எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024இல் உலகின் தரவு மையங்கள் பயன்படுத்திய மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். இது உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. 2030இல் இது 94,500 கோடி யூனிட் அளவுக்கு உயரலாம் என்றும் அந்த முகமை கணித்துள்ளது. இது முழுவதும் செயற்கை நுண்ணறிவுக்கானது அல்ல. ஆனால் இந்த உயர்வுக்கு அது ஒரு முக்கியக் காரணம். மனித மூளைக்குத் தேவை ஏறத்தாழ 20 வாட். வகுப்பறையின் எல்இடி குழல்விளக்கைக் காட்டி இதைச் சொன்னபோது, பிள்ளைகள் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது அதே மாணவி மீண்டும் எழுந்தாள். “அப்ப எங்க மோட்டாருக்குக் கரண்ட் குறைஞ்சிடுமா டீச்சர்?” இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கஜா புயலடித்த 2018 நவம்பரில் மின்கம்பங்கள் சாய்ந்து, நாள்கணக்கில் இருளில் கிடந்த மாவட்டம் எங்களுடையது. மின்சாரம் இல்லாவிட்டால் குடிநீரும் இல்லை என்று இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உடனே ‘குறையாது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மின்சாரம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்கினேன்.

காற்றையும் வெயிலையும் கணித்தல்

தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்கு மே முதல் செப்டம்பர் வரை அறுவடைக்காலம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி இடைவெளிகள் வழியாகப் பாய்ந்து வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்திருப்பது அதனால்தான். இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் அமைந்தது.

ஆனால் காற்றும் வெயிலும் நம் சொல் கேட்பவை அல்ல. மின்சாரத்தை நெல்லைப் போல அப்படியே குதிரில் கொட்டி வைக்கவும் முடியாது. உற்பத்தியும் பயன்பாடும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தால்தான் மின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்சை ஒட்டி நிற்கும். எனவே ஒரு நாளை 15 நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். நாளைக் காற்று எவ்வளவு என்று முன்பே தெரிந்தால் திட்டம் பிழைக்கும். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் இத்தகைய முன்கணிப்பில் ஈடுபட்டுள்ளது. பழைய தரவுகளிலிருந்து கற்றுக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு இங்கே உதவுகிறது. மின்சாரத்தைச் சாப்பிடுவதே மின்சாரத்தைப் பங்கிடவும் துணை செய்கிறது.

மிஞ்சும் மின்சாரத்தை வேறு வடிவில் சேமிக்கலாம். மின்கலங்கள் ஒரு வழி. கோவை மாவட்டம் காடம்பாறையில் வேறு வழி: மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். சூரியனுக்குள் நடப்பது போன்ற அணுக்கரு இணைவை மின்சாரமாக்கும் முயற்சியும் நடக்கிறது. பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி.

எங்கள் கணிப்பு

பிறகு ஒரு சிறிய சூரியத் தகட்டை முற்றத்தில் வைத்தோம். முதல் நாள் மல்டிமீட்டரில் மின்னழுத்தத்தை அளந்தோம். வெயிலிலும் மேகத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. “மீட்டர் பொய் சொல்லுது டீச்சர்” என்றார்கள். மீட்டர் பொய் சொல்லவில்லை, தவறு என்னுடையது. ஒளி குறைந்தால் பெரிதும் குறைவது மின்னோட்டம்தான். அதைப் பிள்ளைகளிடம் ஒப்புக்கொண்டு, மறுநாள் முதல் மின்னோட்டத்தை அளந்தோம். (இதைச் சிறிய தகட்டில் மட்டும் செய்யுங்கள். மின்னோட்ட அளவீட்டில் உள்ள மீட்டரைச் சுவர் மின்செருகியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.)

புரட்டாசிக் கடைசியில் பத்து நாள் அளவுகளை எழுதி, அதைக் கொண்டு மறுநாள் நண்பகல் அளவைக் கணித்தார்கள். கணிப்பு ஓரளவு பொருந்தியே வந்தது. ஐப்பசியில் வானம் மூடிக்கொண்ட அன்று எல்லோருடைய கணிப்பும் பொய்த்தது. காரணம் கேட்டேன். “மழை நாளை நாம சேர்க்கவே இல்லையே” என்றாள் ஒருத்தி. எந்தத் தரவு ஊட்டப்பட்டதோ அந்த அளவுக்கே அறிவு என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் கேள்விக்கு இறுதியில் இப்படிச் சொன்னேன்: “தேவை கூடும். அதற்கு ஈடாக உற்பத்தி, மின்பாதை, சேமிப்பு மூன்றும் வளர்ந்தால் குறையாது. வளராவிட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது என்ற கேள்வி வரும். அதை எந்த இயந்திரமும் முடிவு செய்யக் கூடாது. மனிதர்கள்தான் பேசி முடிவு செய்ய வேண்டும்.”

அவள் தலையாட்டிவிட்டு அமர்ந்தாள். மறுவாரம் ஒரு பழைய நோட்டைக் கொண்டு வந்து காட்டினாள். தன் வீட்டு மோட்டாருக்கு மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது என்று ஏழு நாள் குறித்திருந்தாள். “போதுமா டீச்சர்?” என்றாள். “மழை நாளையும் சேர்த்துக்கொள்” என்றேன்.