வயிற்றுக்கு ஒரு கவசம்!

ஆமைக்கு முதுகில் மட்டும் தான் ஓடு என்று நினைக்கிறீர்களா, குட்டீஸ்? வயிற்றுப் பக்கமும் ஓடு உண்டு. தரையோடு தரையாக நகரும் பிராணிக்கு, அடியிலும் பாதுகாப்பு வேண்டாமா? கரடுமுரடான பாதையில் ஓடும் ஒரு வண்டிக்கும், இதே போல் வயிற்றுக் கவசம் மாட்டுகின்றனர்.

அந்த வண்டியின் பெயர் ஏ.டி.வி., - 'ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கம். எந்த நிலத்திலும் ஓடும் வண்டி என்று பொருள். மோட்டார் பைக் போல ஹேண்டில்பார். காற்று குறைவாக அடைத்த, கொழுத்த டயர்கள்! ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், 1970ல் மூன்று சக்கரங்களுடன் இதை அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்ததால், 1988ல் அங்கு அவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. பிறகு, நான்கு சக்கரம் தான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்ற ஊரைச் சுற்றி, மணற்பாறைகள் நிறைந்த பாலைநிலம் உள்ளது. அங்கு இவ்வண்டிகள், பாறை மேல் ஏறி இறங்கும் போது, அடிப்பகுதி 'டங்' என மோதும். இன்ஜின் ஆயில் இருக்கும் உலோகக் கூடு அங்கே தான் உள்ளது. அதில் விரிசல் விழுந்தால், ஆயில் ஒழுகி விடும். ஆயில் இல்லாத இன்ஜினில், பாகங்கள் ஒன்றோடொன்று உரசி, சூடேறி, இறுகி நின்று விடும். ஆளரவமற்ற இடத்தில், கொளுத்தும் வெயிலில் வண்டி நின்று போனால், ஓட்டுபவர் கதி என்ன?

அதைத் தடுப்பது தான், 'ஸ்கிட் பிளேட்' என்ற தகடு. இதை அலுமினியத்திலோ, வழுவழுப்பான, உறுதியான பிளாஸ்டிக்கிலோ செய்வர். பாறை இடித்தால், அடியைத் தகடு தாங்கிக் கொள்ளும். வண்டி வழுக்கியபடி கடந்து விடும்.

இதை எப்படி மாட்டுகின்றனர்?

முதலில், வண்டியின் அடியில் ஒட்டிய சேற்றைக் கழுவுவர். இன்ஜின் ஆறியதும், சமதரையில் ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளை வைப்பர். ஜாக்கியை மட்டும் நம்பி, வண்டிக்கு அடியில் படுப்பது ஆபத்து!

பின், தகட்டை வண்டியின் சட்டத்தோடு சேர்த்து, எல்லா போல்ட்களையும் கையால் லேசாக முடுக்குவர். ஒன்றை மட்டும் முதலிலேயே இறுக்கினால், மற்ற துளைகள் நேராக வராது. எல்லாம் பொருந்திய பின், ஸ்பானரால் இறுக்குவர். போல்ட் தலை, தகட்டுக்குள் பதிந்திருப்பது நல்லது. வெளியே நீட்டினால், பாறை சீவி விடும். முதல் பயணம் முடிந்ததும், அதிர்வில் தளர்ந்த போல்ட்களைச் சோதித்து, மீண்டும் இறுக்குவர்.

இத்துடன் வேலை முடியவில்லை. காய்ந்த புல்லும், சருகும் தகட்டின் மேல் சேர்ந்து விடும். அவை சூடான சைலன்சரில் பட்டால், தீப்பிடிக்கும்! வண்டியைக் காக்க வந்த தகடே, வண்டியை எரித்து விடலாம். அதனால், ஓட்டி முடித்ததும், தகட்டின் மேல் சேர்ந்த குப்பையை அகற்றி விடுவர்.

நம்மைக் காக்கும் கவசத்தை, நாமும் கவனிக்க வேண்டும் தானே, குட்டீஸ்!