குட்டை மாட்டின் கணக்கு

சித்தூர்ச் சீமையின் மேற்கு மேட்டுநிலத்தில் புங்கனூர் என்றோர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்து மாட்டினம் முழுதாக வளர்ந்தாலும் கிட்டத்தட்ட உங்கள் இடுப்பு உயரம்தான்: 70 முதல் 90 சென்டிமீட்டர். எடை 115 முதல் 200 கிலோ. 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் மோடி தன் வீட்டில் இந்த மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம் வந்தது. அதைப் பார்த்து, அழகுக்காக வளர்க்கலாமே என்று பலருக்கும் ஆசை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வறட்சியைத் தாங்குவதுதான் இந்த மாட்டின் நிஜமான சாமர்த்தியம்.

எப்படித் தாங்குகிறது? ஒரு பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பு 6 சதுர செ.மீ., கனஅளவு 1 கன செ.மீ. பக்கத்தை 2 செ.மீ. ஆக்கினால் மேற்பரப்பு 24, கனஅளவு 8. உடல் எட்டு மடங்கு பெருத்துவிட்டது. தோலோ நான்கு மடங்குதான் கூடியிருக்கிறது! மாட்டின் வயிற்றில் வைக்கோல் நொதிக்கும்போது சூடு பிறந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதி தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சின்ன உடம்பில் ஒவ்வொரு கிலோ எடைக்கும் கிடைக்கும் தோல் அதிகம். அதனால் வெக்கையைச் சமாளிப்பது சுலபம்.

தீனிச் செலவும் குறைவு. மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை காய்ந்த தீனி தின்னும். 150 கிலோ மாட்டுக்கு மூன்று, நான்கு கிலோ போதும். 450 கிலோ கலப்பின மாட்டுக்கு ஒன்பது கிலோவாவது வேண்டும்.

பால்? நாளைக்கு மூன்று லிட்டர் வந்தாலே பெரிது. பால் விற்றுப் பிழைப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பின மாடுகள் வந்ததும் இந்த இனம் அழியும் நிலைக்குப் போயிற்று. பலமனேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் இதைக் காப்பாற்றிப் பெருக்கி வருகிறது. அது திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

மாடாவது நிழல் தேடி நடக்கும். மானாவாரி வேர்க்கடலைச் செடி எங்கே போகும்? மண் காய்ந்தால், உச்சி வெயிலில் அது தன் இலைகளை மடித்துக்கொள்ளும். வெயில் படும் இடம் குறையும், நீர் ஆவியாவதும் குறையும். திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நாராயணி, தரணி போன்ற ரகங்களைத் தந்திருக்கிறது. இவற்றில் தரணி வறட்சி தாங்கும் ரகம்.

கடலையின் இன்னொரு விசித்திரம்: பூ மேலே, காய் மண்ணுக்குள். பூத்தபின் விழுது இறங்கி மண்ணில் புதைந்து காயாகும். ஓட்டுக்குள் பருப்பு திரள கால்சியம் வேண்டும். வேர் உறிஞ்சும் கால்சியம் தண்ணீரோடு மேலே ஏறி இலைக்குப் போய்விடும். திரும்பிக் கீழே வராது. ஆகவே காய் தன் ஓட்டின் வழியாகத் தானே மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பூக்கும் சமயத்தில் செடியைச் சுற்றி ஜிப்சம் போட்டு மண் அணைப்பது இதற்காகத்தான். ஜிப்சம் என்றால் கால்சியம் சல்ஃபேட்.

அதே ஜிப்சம் களர் நிலத்துக்கும் மருந்து. களர் மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காது. ஜிப்சத்தின் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துச் சோடியத்தை வெளியேற்றும். பிறகு நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் சோடியம் கழுவிக்கொண்டு போகும்.

உவர் நிலம் வேறு. திருப்பதி மாவட்டத்தின் கிழக்கோரம் பழவேற்காடு ஏரி இருக்கிறதே, அதன் தண்ணீர் உவர்ப்பானது. அப்படிப்பட்ட தண்ணீர் ஊறிய மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடும். உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. ஒரு உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரிலும் இன்னொன்றை வெறும் தண்ணீரிலும் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள், எது துவள்கிறது?

உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை, உப்பைக் கழுவி வடித்தால் போதும். களரா, உவரா என்று வெறும் கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். மண் பரிசோதனைதான் சொல்லும்.