கடைவாசலில் படுப்பவருக்கும் வாக்குண்டு

தென்காசித் தொகுதி மக்கள் கட்சி மாறி ஓட்டுப் போடத் தயங்குவதில்லை. 2006-ல் தி.மு.க.வின் கருப்பசாமி பாண்டியனை ஜெயிக்க வைத்தார்கள். 2011-ல் அதே மனிதரைச் சுமார் 23 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்து, அ.தி.மு.க. கூட்டணியில் நின்ற சரத்குமாரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2016-ல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன் காங்கிரஸின் பழனி நாடாரை 462 வாக்குகளில் முந்தினார். 2021-ல் அதே இருவர் மீண்டும் மோதியபோது பழனி நாடார் 370 வாக்குகளில் வென்றார். நாலைந்து தெருக்காரர்கள் மனசு மாறினால் எம்.எல்.ஏ. மாறிவிடும் தொகுதி இது.

மனசு மாறக் காரணங்கள் பல. தெருவில் படுத்திருப்பவர்களைப் பார்த்து எரிச்சலடைந்து ஓட்டை மாற்றிப் போடும் வழக்கம்கூட உலகில் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2024 கணக்கெடுப்பின்படி 1.8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீடில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் 2022 மேயர் தேர்தலில் நடைபாதைக் கூடாரங்கள்தான் முதல் பேச்சு. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்த ஊரில், முன்பு குடியரசுக் கட்சியில் இருந்த கட்டுமானத் தொழிலதிபர் ரிக் கருசோ தெருக்களைச் சீராக்குவதாகச் சொல்லி நின்று சுமார் 45 சதவீத வாக்கு வாங்கினார். எதிர்த்து நின்ற கேரன் பாஸிடம் அவர் தோற்றாலும் கோபம் அடங்கவில்லை. வெட்டவெளியில் படுப்பவர்களுக்கு நகராட்சிகள் அபராதம் போடலாம் என்று 2024 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் கேவின் நியூசம் கூடாரங்களை அகற்ற உத்தரவிட்டார். ஏழைகளின் பக்கம் நிற்பதாகச் சொல்லும் கட்சியையே வாக்காளர்களின் சலிப்பு திருப்பிவிட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

தமிழ்நாட்டில் எந்தத் தேர்தல் முடிவும் இந்தக் காரணத்தால் மாறியதாகச் சொல்ல முடியாது. ஆனால் எரிச்சல் இங்கேயும் இருக்கிறது. சீசன் நேரத்தில் குற்றாலம் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் காதில் விழும்: "இவங்களை எல்லாம் அப்புறப்படுத்தக் கூடாதா?"

யார் இவர்கள்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் சீசன். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். இந்த மாதங்களில் ஓட்டல்களில் பாத்திரம் கழுவ, பழக்கூடை தூக்க, எண்ணெய் தேய்த்துவிட என்று வெளியூர்க்காரர்கள் வந்து சேர்கிறார்கள். தினக்கூலியில் விடுதி அறைக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. வெள்ளப்பெருக்கு என்று அருவியில் குளிக்கத் தடை போட்டால் அன்றைக்குக் கூலியும் கிடையாது. இவர்களோடு, பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள், மனநலம் குன்றித் திரிபவர்கள், கோயில் வாசலை நம்பிக் கையேந்துபவர்கள். நான்கு விதமான இந்த மனிதர்களையும் ஊர் 'பிச்சைக்காரர்கள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. கூலிக்காரருக்கு வேண்டியது இரவுக்கு ஒரு பாய். முதியவருக்கு வேண்டியது மருந்தும் துணையும்.

பேரருவிச் சாலையில் ஷட்டர்கள் இறங்கிய பிறகு பாருங்கள். பழக்கடைகளில் மிஞ்சிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரிக்கிறார்கள். சாரல் காற்று சாய்வாக அடிப்பதால் மேல்படிக்குத்தான் போட்டி. உடைமை முழுவதும் உள்ள உரச்சாக்குதான் தலையணை. தூக்கத்திலும் அதன் வாயைக் கை இறுக்கிப் பிடித்திருக்கும். விடிவதற்குள் டீக்கடைக்காரர் வாசல் தெளிக்க வந்துவிடுவார் என்பதால், அதற்கு முன்பே எழுந்து அட்டையை மடித்துச் சந்துக்குள் செருகிவிட வேண்டும். தென்காசியில் காசி விசுவநாதர் கோயில் பக்கமும் ரயில் நிலையத்திலும் இதே கதைதான். சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டையோடு நின்றுவிடுகிறது. எங்கே போகிறோம் என்று தெரியாமல் ரயிலேறியவர்கள் இறங்குவதும் இந்தப் பகுதியில்தான்.

நடைபாதை, ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் என்று இரவைக் கழிப்பவர்களையெல்லாம் வீடற்றோர் கணக்கில் சேர்க்கிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2011 பிப்ரவரி 28 இரவு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். தமிழ்நாட்டு நகரங்களில் மட்டும் சுமார் 37 ஆயிரம். ஒரே இரவில் எடுத்த கணக்கு என்பதால் விடுபட்டவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதே இத்துறையில் வேலை செய்பவர்களின் பொதுவான கருத்து. அதிலும் பிப்ரவரியில் குற்றாலத்தில் சீசன் இல்லை.

வீட்டைச் சொல்லி ஓட்டுக் கேட்டதைத் தமிழர்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். 1970-ல் குடிசை மாற்று வாரியம், 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் ஜெயலலிதாவின் பசுமை வீடுகள், 2024-ல் 2030-க்குள் 8 லட்சம் வீடு என்ற இலக்கோடு கலைஞரின் கனவு இல்லம். பட்டா தருவோம், காங்கிரீட் கூரை தருவோம் என்று சொல்லாத தேர்தல் இல்லை. இவற்றால் லட்சக்கணக்கான குடும்பங்கள் பயன் பெற்றன; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவை பெரும்பாலும் கால் சென்ட் இடமாவது கையில் இருப்பவருக்கு, குறைந்தது குடிசையாவது இருப்பவருக்கு. இடமும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை என்றால் விண்ணப்பத்தின் முதல் கட்டத்தையே நிரப்ப முடியாது.

அப்படிப்பட்டவருக்காகத்தான் 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் வீடற்றோர் காப்பகம் சேர்க்கப்பட்டது. ஒரு லட்சம் நகர்ப்புற மக்களுக்கு 100 பேர் தங்கும் காப்பகம். ஆளுக்கு 50 சதுர அடி. வருடம் முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. அதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் இதே அளவை வலியுறுத்தியது, ஆனால் பெரிய நகரங்களை மனதில் வைத்து. தென்காசி நகராட்சியின் 2011 மக்கள்தொகை 70,545. லட்சக் கணக்குக்கே எட்டாத ஊர். குற்றாலமோ சின்னப் பேரூராட்சி. சீசனில் வந்துபோகும் லட்சக்கணக்கானவர்களும் அவர்களை நம்பிப் பிழைக்க வருபவர்களும் அதன் மக்கள்தொகையில் சேர மாட்டார்கள். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத் தலைநகராகிவிட்டது. ஆட்சியர் அலுவலகமும் அதைத் தேடி வரும் கூட்டமும் வந்துவிட்டன. தலைநகருக்குரிய கணக்கைக் காப்பக விஷயத்திலும் போட வேண்டியதுதான் நியாயம்.

'அப்புறப்படுத்துங்கள்' என்பவர்கள் எங்கே கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள் என்பதை யோசிக்க வேண்டும். பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் 1945-ம் ஆண்டுச் சட்டம் இங்கே உண்டு. ஆனால் அதைப் போன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வறுமையால் கையேந்துபவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே அதன் சாரம். வேனில் ஏற்றி ஏதோ ஒரு இல்லத்தில் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி: 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கே ஒரு இல்லத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2025 ஜூனில் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் உணவு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை.

சட்டம் காட்டும் வழி வேறு. மனநலம் பாதித்துத் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் துறையின் கடமை என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை வாங்கித் தர, 2007 சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு.

இவ்வளவும் இருந்தும் ஏன் வேலை நடப்பதில்லை? எரிச்சல்படும் கடைக்காரருக்கு ஓட்டு இருக்கிறது. ஆனால் அவர் கேட்பது அகற்றலை, அதை எந்தக் கட்சிக்காரரும் ஒரு போனில் செய்து தந்துவிடுவார். மறுநாள் இரவு அதே படியில் வேறொருவர் படுப்பார். காப்பகம் கேட்க வேண்டியவருக்கோ பெரும்பாலும் வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லை. 2025 நவம்பரில் தொடங்கிய அந்தப் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீங்கின. இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகளோடு, முகவரியில் காணப்படாதவர்களும் அதில் அடக்கம். வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கும் வேலையில் வீடே இல்லாதவர் என்ன செய்வார்?

தேர்தல் ஆணையத்தின் விதியிலேயே இதற்குப் பதில் இருக்கிறது; பலருக்கும் தெரியாது. வீடற்றவர் படிவம் 6-ல் தான் படுக்கும் இடத்தையே முகவரியாக எழுதலாம். முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அந்த இடத்துக்கு நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்து உறுதி செய்தால் பெயர் ஏறும். கடைப்படியும் கோயில் மண்டபமும் சட்டத்தின் கண்ணில் முகவரிதான்.

எனவே தென்காசி, குற்றாலம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கடைவாசலில் பல மாதமாக ஒருவர் படுக்கிறார் என்றால், அவருக்கு ஒரு படிவம் 6 வாங்கி நிரப்பிக் கொடுங்கள். அலுவலரை இரவில் வரச் சொல்லிக் கேளுங்கள். அடுத்து ஓட்டுக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், சீசன் மாதங்களில் காப்பகத்தில் எத்தனை படுக்கை போடுவீர்கள், எந்த இடத்தில், யார் பொறுப்பில் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை 370 வாக்குகளில் வீட்டுக்கு அனுப்ப இந்தத் தொகுதிக்குத் தெரியும்.