முகம் யாருடைய உடைமை?

மயிலாடிக்கு வருவோர் சிலையைக் காண வருகிறார்கள். உளி பிடித்த கையையும் காண்கிறார்கள். காணட்டும்! படமும் பிடிக்கிறார்கள். 'பிடிக்கலாமா?' என்று கேட்போர் எத்தனை பேர்?

கல்தூசி படிந்த முகம் கலைப்படமாகிறதாம்! முகத்துக்கு உரியவரோ, அது எந்த ஊருக்குப் போயிற்று என்பதையே அறியார்.

பழைய வழக்கந்தான் இது. 1868 முதல் 1875 வரை, வெள்ளையர் ஆட்சி 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதி படங்களை வெளியிட்டது. படத்தில் இருந்தவர் மனிதர். பலருக்கு அடியில் இருந்ததோ சாதிப் பெயர்!

குமரி மண்ணுக்குப் பார்வையின் கொடுமை புதிதல்ல. மார்பை மறைக்கும் உரிமைக்குப் பெண்கள் போராடினர். 1859-இல் திருவிதாங்கூர் அரசு இணங்கியது. அப்போதும், 'மேல்சாதியார் போல் உடுத்தாதே' என்றது! 'என் உடலை உலகம் எப்படிக் காண்பது என்பதை நானே முடிவு செய்வேன்' என்பதன்றோ அப்போரின் பொருள்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை. பொது இடத்தில் நிற்பதாலேயே அது பறிபோகாது என்று 2017-இல் உச்சநீதிமன்றமும் உரைத்தது.

அடிக்கிற தடியைப் படமெடுக்க அனுமதி கேள் என்றா சொல்கிறோம்? இல்லை! அதிகாரத்தைப் படமெடுப்பது வேறு. எளியவனை எடுப்பது வேறு.

'கேட்டால் இயல்பு கெடும்' என்பீர்களா? எடுத்தபின் காட்டுங்கள், வேண்டாமென்றால் அழியுங்கள். கல்லைக் கேட்க வேண்டாம். அதைச் செதுக்குபவனைக் கேட்டாக வேண்டும்!