இல்லாத சுரத்தைக் கேட்கும் காது

1976-ல் 'அன்னக்கிளி' வெளிவந்த நாளிலிருந்து இளையராஜாவின் பாடல்களைத் தமிழர்கள் பெரும்பாலும் டீக்கடை ரேடியோவிலும் வீட்டு டிரான்சிஸ்டரிலும்தான் கேட்டார்கள். அந்தப் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத் துணையாக நிற்பதில்லை. பாடகரின் மெட்டுக்கு அடியில் தனக்கென்று ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு நடக்கும். பாட்டோடு சேர்த்து அதையும் முணுமுணுக்கப் பழகியவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த ரேடியோவிலிருந்து அந்தச் சுரங்களின் அடிப்பகுதி வெளியே வந்திருக்கவே முடியாது. உள்ளங்கை அகல ஒலிபெருக்கியால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றை உருப்படியாக அசைக்க இயலாது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியோ நொடிக்கு 41 முறைதான் (41 ஹெர்ட்ஸ்) அதிர்கிறது. வராத சத்தத்தை நாம் எப்படிக் கேட்டோம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், பேஸ் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு என்ன கருவி வாங்குவது என்பதற்கும் பாதி விடை கிடைத்துவிடும். இங்கே மும்பையில் அந்த ஆசைக்குக் குறைவில்லை. ஆர்.டி. பர்மனின் குழுவில் டோனி வாஸ் பேஸ் வாசித்த ஊர் இது. ஏ.ஆர். ரஹ்மான் மேடைகளில் பேஸ் வாசித்துப் புகழ்பெற்ற மோகினி டே பிறந்து வளர்ந்த ஊரும் இதுதான். தாராவியின் ஹிப்ஹாப் குழுவான டோப்படெலிக்ஸ் 2018-ல் 'காலா' படப் பாடல் வரைக்கும் போனது. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் கல்லூரிக் குழு, தேவாலயப் பாடகர் குழு, மெல்லிசைக் குழு என்று எதில் சேர்ந்தாலும் பேஸ் வாசிக்கத் தெரிந்தவருக்கு வரவேற்பு உண்டு.

தந்திக்குள் ஒரு கணக்கு

சாதாரண கிட்டாரின் அடித் தந்தி நொடிக்கு 82 முறை அதிரும். பேஸ் கிட்டாரின் அடித் தந்தியான 'ஈ' அதில் சரிபாதி: 41.2. மற்ற மூன்றில் 'ஏ' 55, 'டி' 73.4, 'ஜி' 98. ஒரு தந்தியின் அதிர்வெண்ணைப் பாதியாக்க மூன்று வழிகள் உண்டு. நீளத்தை இரட்டிப்பாக்கலாம், இழுவிசையைக் கால்வாசியாக்கலாம், எடையை நான்கு மடங்காக்கலாம். நீளத்தை இரட்டித்தால் கை எட்டாது. இழுவிசையைக் குறைத்தால் தந்தி தொளதொளத்துவிடும். அதனால் நீளத்தை 648 மில்லிமீட்டரிலிருந்து 864-க்குக் கூட்டி, மீதியைத் தடிமனில் ஈடுகட்டினார்கள். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' வகுத்த அளவு அது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்கள் அந்த நீளத்தில்தான் வருகின்றன.

தடிமனிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைக் கம்பியாக இருந்தால் தந்தி விறைத்துப்போகும். விறைத்த தந்தியின் மேற்சுரங்கள் ஒழுங்கு தப்பும். எனவே மெல்லிய எஃகு இழையின்மேல் இன்னொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். எடை கூடுகிறது, வளையும் தன்மையும் போகவில்லை. மேற்சுரங்களின் ஒழுங்குக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதில்தான் டீக்கடை ரேடியோவின் ரகசியம் இருக்கிறது.

மூளை போடும் சுரம்

மீட்டிய தந்தி முழு நீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்கு பங்குகளாகவும் அதிர்கிறது. 'ஈ' தந்தியை மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸோடு 82.4, 123.6, 164.8, 206 என்று மேற்சுரங்களின் ஒரு வரிசையே கிளம்புகிறது. ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 41.2.

சின்ன ஒலிபெருக்கி முதல் மூன்றையும் விழுங்கிவிடுகிறது. ஆனால் எஞ்சியவற்றின் இடைவெளி மாறவில்லை. மூளை அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு, இந்த வரிசைக்கு வேர் 41.2-ஆகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, அந்தச் சுரத்தையே நமக்குக் கேட்க வைக்கிறது. 1841-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக், துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றூதும் சைரனைக் கொண்டு இதை முதலில் கவனித்தார். அடிச்சுரம் மிகப் பலவீனமாக இருந்தபோதும் காது அதையே உரக்கக் கேட்டது. ஒரு நூற்றாண்டு கழித்து நெதர்லாந்து ஆய்வாளர் சௌட்டன் அடிச்சுரத்தை அடியோடு நீக்கிப் பார்த்தார். அப்போதும் அதே சுரம் கேட்டது. 1972-ல் வெளியான ஹவுட்ஸ்மா, கோல்ட்ஸ்டீன் ஆய்வில் ஒரு மேற்சுரத்தை வலக்காதுக்கும் இன்னொன்றை இடக்காதுக்கும் கொடுத்தார்கள். இரண்டு காதுகளில் எதற்கும் கிடைக்காத சுரம் அப்போதும் கேட்டது. ஆக, அது காதில் பிறப்பதில்லை. இரண்டு காதுகளின் செய்தியும் சேரும் மூளையில் பிறக்கிறது.

மாட்டுங்காவை ஒட்டிய சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது பழகிய அனுபவம்தான். தம்புராவில் தந்திகள் உட்காரும் வளைந்த குதிரையில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூல், தந்தியைக் குதிரையோடு உரசி உரசிப் பிரிய வைக்கிறது. அதனால் மேற்சுரங்கள் பொங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு தந்தியை மீட்டும் புள்ளியில் கணு விழும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை ஓங்கி ஒலிக்கின்றன என்று 1921-ல் சி.வி. ராமன் எழுதினார். நூலை எடுத்துவிட்டால் மந்தர சட்ஜம் மங்கிப்போகும். அதற்கு நிறைவைத் தருவது அதற்கு மேலே ஒலிப்பவைதான்.

பேஸ் வாசிப்பவர் மனத்தில் நிறுத்த வேண்டிய முதல் பாடம் இது: கீழ்ச்சுரம் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் மேற்சுரங்களைக் காப்பாற்றுங்கள்.

பத்துக்குப் பத்து அறையில்

புதிதாக வாசிக்க வருபவர்கள் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) செய்யும் முதல் வேலை, 'பேஸ்' குமிழை முழுதாகத் திருகுவது. அங்கிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் எட்டு மீட்டருக்கு மேல். தாராவியின் பத்தடி அறையில் அந்த அலை முழுதாக அடங்காது. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு இடையே இயல்பாக முழங்கும் அதிர்வெண் சுமார் 57 ஹெர்ட்ஸ். பேஸின் திறந்த 'ஏ' தந்தியும் (55) அதற்கு அடுத்த சுரமும் (58.3) அதன் இருபுறமும் நிற்கின்றன. எனவே அந்த இரண்டு சுரம் வரும்போது அறையே குமுறும். மற்றவை சோகையாகக் கேட்கும். கை பிசகியதாக நினைத்து வருந்த வேண்டாம், அது அறையின் வேலை. ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுத்துத் தரையிலிருந்து ஒரு ஸ்டூல் மேலே வையுங்கள். 'பேஸ்' குமிழைக் குறைத்து 'மிட்' குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். குமுறல் தணியும். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவே உங்கள் சுரம் தெளிந்து நிற்கும்.

கீழ்ச்சுரங்களுக்கு நம் காது மந்தம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1933-ல் ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி காதுக்கு எட்டத் தேவையான அளவைவிட 40 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 50 டெசிபல் கூடுதலாக வேண்டும். ஆற்றலில் அது லட்சம் மடங்கு. கிட்டார்காரர் 30 வாட்டில் சமாளிக்கும் மேடையில் பேஸ்காரர் 100 வாட்டுக்கு மேல் கேட்பது இதனால்தான். வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஆகவே பணம் இருந்தால் வாட்டைவிட நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் செலவழிப்பது மேல்.

கடையில் என்ன பார்ப்பது?

முதலில் கழுத்து. நான்கு தந்திகளும் சேர்ந்து அதை இழுக்கும் விசை 70 கிலோ எடைக்குக் குறையாது. அதைத் தாங்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி இருக்கிறது, டிரஸ் ராட் என்பார்கள். மும்பை மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துக் கழுத்து அசையும். டிரஸ் ராட் திருகு சரளமாகத் திரும்புகிறதா என்று கடைக்காரரைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட் ஒவ்வொன்றிலும் ஒரு சுரம் வாசித்து, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். 'ஜி' தந்தியில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் ஃப்ரெட் பக்கம் சில கருவிகளில் சுரம் சட்டென்று செத்துவிடும். கழுத்தும் அதே அதிர்வெண்ணில் அசைந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்வதே காரணம். விலை உயர்ந்த கருவியிலும் இது உண்டு.

அடுத்தது பிக்கப். காந்தமும் அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பியும் கொண்ட இது, எஃகுத் தந்தியின் அசைவை மின்சாரமாக்குகிறது. பக்கத்து வயரிங்கிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வரும் இரைச்சலையும் இது பிடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; 'ஈ' தந்தியின் மூன்றாம் ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு முறை அலை எழுந்து அடங்குவதைக் காதாலேயே எண்ணலாம். ஃபெண்டர் 1957-ல் பிக்கப்பை இரண்டு துண்டாக்கி, இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி எதிரெதிராக இணைத்தார். தையல் இயந்திரங்களுக்கு நடுவே ஒத்திகை பார்ப்பவர்களுக்கு இந்த வகைதான் ஏற்றது. ஆம்பைச் செருகும் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அது உயிர் சம்பந்தப்பட்டது.

மூன்றாவது எடை. லோக்கல் ரயிலில் தூக்கிப்போக வேண்டிய கருவி நான்கு கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சிறு கைகளுக்கு 30 அங்குல நீளத்தில் பேஸ் கிட்டார்கள் கிடைக்கின்றன. அவற்றில் பிரமாதமாக வாசிக்கிறார்கள்.

பிராண்டு பெயர் கடைசியில் வரட்டும். கழுத்து நேராகவும் பிக்கப் இரைச்சல் இல்லாமலும் இருக்கும் எளிய கருவியே முதல் கருவிக்குப் போதும். மிச்சப்படும் பணத்தில் புதுத் தந்திகள் வாங்குங்கள். வியர்வையும் கடற்காற்றும் தந்தியை மழுங்கடிக்கும்போது முதலில் சாவது மேற்சுரங்கள்தான். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போனில் வாசியுங்கள். கீழ்ச்சுரம் சுவரைத் தாண்டிப் போகும், பக்கத்து வீட்டுக்காரர் காலையில் வேலைக்குப் போக வேண்டும்.