வீட்டிலேயே படிக்கும் மாணவர் பிளஸ் 2 சான்றிதழ் பெறுவது எப்படி?

புதுடெல்லி: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கல்வி புகட்டும் பெற்றோர், ஒரு கட்டத்தில் சான்றிதழ் என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர். எவ்வளவு சிறப்பாகப் பயின்றிருந்தாலும், கல்லூரியில் சேர அங்கீகரிக்கப்பட்ட கல்வி வாரியத்தின் சான்றிதழ் தேவை.

அதற்கான முதன்மை வழியாக விளங்குவது, தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் (என்ஐஓஎஸ்). 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம், மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது.

சட்டம் கூறுவது என்ன?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. வீட்டுவழிக் கல்வி குறித்து அதில் தனி விதி ஏதும் இல்லை.

தகுதியும் தேர்வும்

10-ஆம் வகுப்பில் சேர 14 வயது நிறைவடைந்திருக்க வேண்டும். 12-ஆம் வகுப்புக்கு, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தில் 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி அவசியம்.

ஒரு மொழிப்பாடம் உட்பட குறைந்தது 5 பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 33 விழுக்காடு. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறுகிறது. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். அதற்குள் 9 முறை தேர்வு எழுதலாம். தேர்ச்சி பெற்ற பாடங்களின் மதிப்பெண்கள் சேர்த்து வைக்கப்படுவதால், அவற்றை மீண்டும் எழுதத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

10-ஆம் வகுப்புத் தேர்ச்சிக்கும் 12-ஆம் வகுப்புச் சான்றிதழுக்கும் இடையே 2 ஆண்டு இடைவெளி வேண்டும். எனவே 10-ஆம் வகுப்பைத் தாமதமாக முடிப்பவருக்குக் கல்லூரிச் சேர்க்கையும் தள்ளிப்போகும்.

பாடத் தேர்விலும் கவனம் தேவை. பொறியியல் படிக்க விரும்புவோர் இயற்பியலையும் கணிதத்தையும், மருத்துவம் படிக்க விரும்புவோர் இயற்பியல், வேதியியல், உயிரியலையும் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அறிவியல் பாடங்களுக்குச் செய்முறைத் தேர்வும் உண்டு. வீட்டில் ஆய்வகம் இராது என்பதால், படிப்பு மையத்தில் பயிற்சி பெறுவது இன்றியமையாதது.

திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் தேர்வு எழுத விதிக்கப்பட்டிருந்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் ரத்து செய்தது. ஆகவே, வீட்டில் பயின்ற மாணவருக்கும் மருத்துவக் கனவு எட்டாததன்று. 14 வயதை எட்டும்போதே திட்டமிட்டுப் பதிவு செய்தால், பள்ளி மாணவர்களுக்கு இணையாக அவர்களும் கல்லூரிக்குள் நுழையலாம்.